குதிரை மேய்ச்சல் நிலத்துக்கு எந்த வேலி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலி என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "குதிரை தாண்டிப் போகாமல் இருக்குமா?" என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. குதிரை என்றாவது ஒருநாள் அந்த வேலியில் மோதத்தான் போகிறது. அப்போது வேலி அதை என்ன செய்யும்? கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்தக் கேள்வியை மனதில் வைத்தே எழுதியவை.

மாடுகளுக்குப் போட்ட வேலி ஏற்கெனவே இருக்கிறது. குதிரையையும் அதற்குள் விட்டால் என்ன?

விடாதீர்கள். அல்லது, விடுவதற்கு முன் அதை மாற்றிவிடுங்கள்.

வேலியில் மாட்டிக்கொண்ட மாடு பெரும்பாலும் நின்றுவிடும். குதிரை அப்படி இல்லை. ஆபத்து என்று தோன்றிய நொடியிலேயே ஓடுவதுதான் அதன் தற்காப்பு. கால் சிக்கினால் இன்னும் பலமாக இழுக்கும், உதைக்கும், உருளும். 400, 500 கிலோ எடையுள்ள உடம்பு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது எதிரில் இருப்பது மெல்லிய கம்பியா, அகலமான பலகையா என்பதைப் பொறுத்துத்தான் அது சிராய்ப்போடு தப்புகிறதா, கால் போகிறதா என்பது.

கண்ணையும் கவனிக்க வேண்டும். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் சுற்றிலும் கிட்டத்தட்ட 350 டிகிரி அதற்குத் தெரியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னால், மூக்குக்கு அடியில், வாலுக்கு நேர் பின்னால் ஒன்றும் தெரியாது. நிறங்களில் நீலமும் மஞ்சளும் பிரிந்து தெரியும். சிவப்பும் பச்சையும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். பச்சைப் புல்வெளியில் பழுப்பேறிய ஒற்றைக் கம்பி அதன் கண்ணில் படாமலே போகலாம்.

அப்புறம் கால்கள். முன்னங்கால் முட்டிக்கும் பின்னங்கால் மடிப்புக்கும் கீழே சதை கிடையாது. தோலுக்கு அடியில் நேராகத் தசைநாணும் எலும்பும் மூட்டும்தான். வேலிக் காயம் பெரும்பாலும் அங்கேதான் படும், அங்கே பட்ட காயம்தான் ஆறுவதற்கு மாதக்கணக்கில் இழுக்கும்.

முள்கம்பி அவ்வளவு மோசமா? எத்தனையோ பேர் போட்டிருக்கிறார்களே?

மோசம்தான். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை என்றே நினைக்கிறேன். இன்று நாம் பார்க்கும் முள்கம்பிக்கு அமெரிக்காவில் ஜோசப் கிளிடன் என்பவர் 1874-இல் காப்புரிமை வாங்கினார். மாடுகளை நிறுத்துவதற்காக வந்த பொருள் அது. தடித்த தோலும் நிதானமான குணமும் உள்ள மாட்டுக்கு அது ஓரளவு பொருந்தும், குதிரைக்குப் பொருந்தாது.

என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் போய்ப் பாருங்கள். குதிரை வேலிக்கு அப்பாலுள்ள புல்லுக்காக முன்னங்காலால் தரையைப் பறிக்கிறது. கீழ்க்கம்பிக்கு மேலாகக் கால் போய்விடுகிறது. இழுக்கும்போது முள் குதிங்காலுக்கு மேலே பதிகிறது. வலித்ததும் பின்வாங்கி இழுக்கிறது. கம்பி அறுவதில்லை, முள் மட்டும் அந்த இடத்திலேயே முன்னும் பின்னும் அறுத்துக்கொண்டே இருக்கிறது. தோல் மட்டையாக உரிந்து தொங்கும். தசைநாண் வெட்டுப்பட்டால் குதிரை மறுபடி சவாரிக்கு வருமா என்பதே சந்தேகம். ஆறும்போதும் தொல்லை விடாது. கீழ்க்காலில் புண்ணுக்குள் சிவந்த சதை அளவுக்கு மீறி வளர்ந்து வெளியே துருத்தும். மேலே தோல் மூட முடியாமல் மருத்துவர் அதை வெட்டி வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

உடனே அகற்ற வசதியில்லை என்றால், முள்வேலிக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் உள்ளே தள்ளித் தனிக் கம்பங்கள் நட்டு அகலமான மின்நாடா (மெல்லிய உலோக இழைகள் பின்னிய, மின்துடிப்பு ஓடும் நாடா) ஓட்டுங்கள். குதிரை முள்கம்பியை நெருங்கவே கூடாது, அவ்வளவுதான் நோக்கம். முள்கம்பிக்கே மின்சாரம் கொடுக்கும் வேலை மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். முள்ளில் சிக்கிய உயிர் விடுபட முடியாமல் அடிமேல் அடி வாங்கிக்கொண்டே இருக்கும்.

முள் இல்லாத சாதாரணக் கம்பி என்றால் சரிதானே?

முள் இல்லை என்ற அளவில் மேல். ஆனால் 2.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள இழுவிசைக் கம்பி, அதாவது முறுக்கி இறுக்கிக் கட்டும் உறுதியான எஃகுக் கம்பி, குதிரையின் கண்ணுக்குத் தெரியாது, முழு வேகத்தில் மோதினால் அறுவதும் இல்லை. அப்போது வெட்டுவது கம்பிதான். அதையே பயன்படுத்த வேண்டிய நிலை என்றால் மேலே ஒரு பலகையோ அகலமான வெள்ளை நாடாவோ சேர்த்து, கம்பிகளில் ஒன்றிரண்டுக்கு மின்வேலி இணைப்பும் கொடுங்கள். தனியாக வேண்டாம்.

கம்பிவலை வாங்கலாம் என்றிருக்கிறோம். எந்த வலை?

எல்லைவேலிக்கு என் முதல் தேர்வே கம்பிவலைதான். ஆனால் வலைக் கட்டத்தின் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். ஆடு மாடுகளுக்கென்று விற்கும் வலையில் ஒவ்வொரு கட்டமும் சுமார் 15 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். குளம்பு அதற்குள் தாராளமாக நுழையும், வெளியே வராது. லாடம் அடித்த குதிரையாக இருந்தால் இன்னும் மோசம்: லாடத்தின் பின்முனைக்கும் குளம்புக்கும் நடுவில் கம்பி போய்க் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். குதிரை பின்னால் இழுக்கும், லாடம் பெயரும், கூடவே குளம்பின் சுவரும் பிய்ந்து வரும்.

குதிரைக்கு ஏற்றது 5 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரக் கட்டங்கள் உள்ள வலை. குட்டியின் குளம்புகூட அதில் புகாது. வைர வடிவில் நெருக்கமாகப் பின்னிய வலையும் நல்லது. வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். கம்பிகள் சந்திக்கும் இடம் முடிச்சுப் போட்டுப் பின்னியதாக இருக்க வேண்டும், வெறும் பற்றவைப்பாக இருக்கக் கூடாது. பற்றவைத்த வலை மோதிய இடத்தில் விட்டுப் போய், உடைந்த கம்பி முனைகள் குத்திக்கொண்டு நிற்கும். இரண்டாவது, துத்தநாகப் பூச்சு. பூச்சு மெலிதாக இருந்தால் சில மழைக்காலத்திலேயே கீழ் விளிம்பு துருப்பிடிக்க ஆரம்பிக்கும்.

வலையின் மேல்விளிம்பில் ஒரு பலகை அல்லது குழாய் அவசியம். குதிரைக்கு வேலி இருப்பது தெரிவதும் அதனால்தான். கழுத்தை வைத்து அழுத்தி வலையைத் தொய்ய விடாமல் தடுப்பதும் அதுதான். மேலே ஒரு மின்கம்பியும் ஓட்டினால் சாய்வதையே விட்டுவிடும்.

பின்னல் இழுத்துக் கட்டும் சங்கிலி வலை பற்றியும் பலர் கேட்கிறார்கள். அதன் மேல்முனையும் கீழ்முனையும் முறுக்கிவிட்ட கம்பி நுனிகள். மேலும் கீழும் குழாய் கொடுத்து நுனிகளை மறைக்காவிட்டால் ஆபத்து.

மரவேலி எப்படி?

அழகு, பாதுகாப்பு, பார்வைக்குத் தெரிவது ஆகிய மூன்றிலும் நல்லது. மோதினால் பலகை முறியும். முறியட்டும், பலகையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பராமரிப்பு விடாது. வெயிலில் வெடிக்கும், மழையில் உளுக்கும், குதிரை கடித்துத் தின்னும். பொழுது போகாத குதிரை ஒரே பருவத்தில் மேல்சட்டத்தைப் பாதியாக்கிவிடும்.

பலகைகளைக் கம்பத்தின் உள்பக்கம், அதாவது குதிரை நிற்கும் பக்கம், அடிக்க வேண்டும். வெளிப்பக்கம் அடித்தால் குதிரை சாயும்போது ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். உள்பக்கம் இருந்தால் அதே அழுத்தம் பலகையைக் கம்பத்தோடு இறுக்கும். ஓடும் குதிரையின் தோள் கம்பத்தில் இடிக்காமல் வழுக்கிப் போவதும் இதனால்தான்.

பூசுவது எதுவானாலும் குதிரை அதை நக்கும் என்று நினைத்துக்கொண்டே வாங்குங்கள். ஈயம் கலந்த பழைய பெயின்ட், கழிவு இன்ஜின் ஆயில், பழைய ரயில் கட்டைகளில் ஊறியிருக்கும் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் எதுவும் வேண்டாம்.

பிளாஸ்டிக் வேலி?

இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, மரவேலி போலவே தோன்றும் பிவிசி சட்டங்கள். பளிச்சென்று இருக்கும், பெயின்ட் தேவையில்லை. ஆனால் உள்ளே வெற்றுக்கூடு. குதிரை சாய்ந்தால் சட்டம் துளையிலிருந்து கழன்று விழும். கடும் குளிரில் மோதினால் கூரான சில்லுகளாக உடையும். மின்கம்பி சேர்த்து, குதிரை தொடாதபடி வைத்தால் மட்டும் சரிவரும். வீட்டு முகப்புக்குப் போடலாம், பலமான எல்லைவேலியாக நம்ப வேண்டாம்.

இன்னொன்று, நெகிழும் பாலிமர் பட்டை. 10 முதல் 13 சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டைக்குள் இழுவிசைக் கம்பிகள் ஓடும். மோதினால் வளைந்து கொடுத்துக் குதிரையைத் திருப்பி அனுப்பும். தூரத்திலிருந்தே தெரியும், கடிக்கவும் வராது. விலை அதிகம், மூலைக்கம்பங்கள் மிகப் பலமாக இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது முறுக்கி இறுக்க வேண்டும். தொய்ந்து கிடக்கும் பட்டைக்குள் குதிரை தலையை நுழைத்துவிடும். பணம் இருப்பவர்கள் தாராளமாகப் போடலாம்.

இரும்புக் குழாய்?

காலத்துக்கும் நிற்கும். ஆனால் கொஞ்சமும் வளையாது, அதனால் மோதலின் முழு அடியும் குதிரையின் உடம்புக்கே போகும். சிறிய அடைப்புகளுக்கு, ஓடி வேகமெடுக்க இடமில்லாத இடத்துக்குப் பொருத்தம். பற்றவைத்த இடங்களைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள். கையால் தடவிப் பார்த்தால் உங்கள் கையில் கீறாதது குதிரையின் தோலிலும் கீறாது.

மின்வேலி மட்டும் போட்டால் போதுமா?

உள்ளே நிலத்தைப் பிரிப்பதற்குப் போதும். வெளி எல்லைக்கு, குறிப்பாகச் சாலையோரத்துக்கு, போதாது.

மின்வேலி குதிரையின் மனதில்தான் நிற்கிறது. ஒருமுறை மூக்கில் பட்டால் அதன் பிறகு அந்தப் பக்கமே போகாது. ஆனால் மிரண்டு ஓடும் குதிரைக்கு அந்த நினைவு இருக்காது. அது நாடாவைக் கிழித்துக்கொண்டு போய்விடும். உள்பிரிவில் இது நல்லதுதான். அறுந்து போகும் நாடா குதிரையைக் காயப்படுத்துவதில்லை, பக்கத்து மேய்ச்சலில் போய் நிற்கும். வெளியே சாலை என்றால் கதை வேறு.

வகையைப் பொறுத்தவரை, 40 மில்லிமீட்டர் அகல நாடா பார்வைக்கு நன்றாகத் தெரியும், ஆனால் காற்றில் படபடத்துத் தேயும். ஒரு முறுக்குக் கொடுத்துக் கட்டினால் படபடப்பு குறையும். காற்று அதிகமுள்ள வெட்டவெளிக்கு மின்கயிறு பொருத்தம். பிளாஸ்டிக் நூலோடு உலோக இழை முறுக்கிய மெல்லிய பாலிகம்பியைத் தற்காலிகப் பிரிவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலியில் இணைப்பது கொலைக்குச் சமம். மின்வேலிக் கருவி செய்யும் வேலை முற்றிலும் வேறு. அது விநாடிக்கு ஏறத்தாழ ஒருமுறை, ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவான நேரம் மட்டும் ஒரு துடிப்பை அனுப்புகிறது. வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் துடிப்பு அத்தனை குறுகியது என்பதால் வலிக்கும், விலகிக்கொள்ள நேரம் கிடைக்கும். கருவி இல்லாமல் வேலிக்கு மின்சாரம் இல்லை என்பதை வேலையாட்களுக்கும் சொல்லிவையுங்கள். ஆட்கள் நடமாடும் பக்கம் எச்சரிக்கைப் பலகையும் தொங்க வேண்டும்.

கருவி வேலை செய்கிறது, விளக்கு எரிகிறது, ஆனால் குதிரை வேலியை மதிக்கவே இல்லை. ஏன்?

பத்தில் எட்டு இடத்தில் காரணம் எர்த். துடிப்பு வேலிக்கம்பியில் போய், குதிரையின் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கி, மண் வழியாகக் கருவிக்குத் திரும்பி வந்தால்தான் அதிர்ச்சி. திரும்பும் பாதை மோசமாக இருந்தால் எவ்வளவு பெரிய கருவி வாங்கினாலும் பயனில்லை.

துத்தநாகம் பூசிய, சுமார் 2 மீட்டர் நீளமுள்ள எர்த் கம்பிகள் குறைந்தது மூன்றை, 3 மீட்டர் இடைவெளியில், ஈரம் தங்கும் இடத்தில் அடித்து ஒன்றோடொன்று இணையுங்கள். வீட்டு மின்சாரத்தின் எர்த்திலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். துத்தநாகக் கம்பியோடு செம்பு ஒயரை முறுக்கிவிடுவார்கள். அந்த இணைப்பு சீக்கிரமே அரித்துப் போகும், ஒரே உலோகமாக வையுங்கள். வீட்டு வயரிங்குக்கான ஒயரையும் பயன்படுத்த வேண்டாம், அதன் உறை இத்தனை ஆயிரம் வோல்ட்டைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல.

சோதித்துப் பார்ப்பது எளிது. கருவியை நிறுத்திவிட்டு, அதிலிருந்து 100 மீட்டருக்கு அப்பால் சில இரும்புக் கம்பிகளைத் தரையில் குத்தி வேலியில் சாய்த்து வையுங்கள். மறுபடி போட்டு, வேலியில் வோல்ட் 2000-க்குக் கீழே இறங்கியிருக்கிறதா பாருங்கள். இப்போது மின்வேலிச் சோதனைக் கருவியை எர்த் கம்பியில் வையுங்கள். 300-க்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை, இன்னும் கம்பிகள் சேர்க்க வேண்டும்.

சாதாரண நாளில் வேலியின் கடைக்கோடியில் 3000 வோல்ட்டாவது இருக்க வேண்டும். 4000 இருந்தால் நிம்மதி. குறைந்தால் முதலில் புல்லைப் பாருங்கள். கீழ்க்கம்பியைத் தொட்டு நிற்கும் ஒவ்வொரு பச்சைத் தண்டும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும். மண் காய்ந்து கிடக்கும் பருவத்தில் எர்த் இயல்பாகவே பலவீனமாகும். அப்போது ஒரு கம்பி மின்சாரம், அடுத்தது எர்த் என்று மாறி மாறி ஓட்டினால் குதிரை இரண்டையும் சேர்த்துத் தொடும்போது மண்ணின் உதவியில்லாமலே அதிர்ச்சி கிடைக்கும்.

எவ்வளவு உயரம்? இடைவெளி எவ்வளவு விடலாம்?

பொதுவாக 1.4 முதல் 1.5 மீட்டர். பொலிகுதிரைக்கும் (இனப்பெருக்கத்துக்கான ஆண்குதிரை) தாண்டும் பழக்கமுள்ள குதிரைக்கும் 1.5 முதல் 1.8 வரை. உயரமான குதிரை என்றால், அது இயல்பாக நிற்கும்போது கண்மட்டத்துக்கு மேல்சட்டம் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

இடைவெளிக்கு ஒரே விதிதான்: குளம்பு நுழையவே முடியாதபடி சிறியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நுழைந்த காலும் தலையும் தடையில்லாமல் வெளியே வரும்படி பெரியதாக இருக்க வேண்டும். அதாவது 8 சென்டிமீட்டருக்குக் கீழே அல்லது 30-க்கு மேலே. நடுவில் உள்ள அளவுதான் பொறி. வேலியின் அடியில் சுமார் 30 சென்டிமீட்டர் விடலாம். குட்டிகள் இருந்தால் அவை படுத்து உருண்டு அடியால் வெளியே போய்விடும், அதனால் வலையைத் தரை வரை இறக்கிவிடுங்கள். மட்டக்குதிரைகளுக்கும் இதே கவனம் வேண்டும்.

கம்பம் எவ்வளவு ஆழம்?

மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள். 1.5 மீட்டர் வேலிக்கு 2.3, 2.4 மீட்டர் கம்பம் வாங்கினால் சரியாக வரும். பலகை வேலிக்கு 2.4 மீட்டருக்கு ஒரு கம்பம், வலைக்கு 3 முதல் 4 மீட்டருக்கு ஒன்று. குழி தோண்டி நட்டதைவிட இயந்திரத்தால் அடித்து இறக்கிய கம்பம் உறுதி, ஏனென்றால் சுற்றியுள்ள மண் கலையாமல் இறுகுகிறது.

மூலைக்கம்பத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். வலையும் கம்பியும் இழுக்கும் முழு விசையும் அங்கேதான் சேர்கிறது. மூலை ஒரு விரல்கடை சாய்ந்தால் அந்த வரிசை முழுவதும் தொய்யும். தடித்த கம்பம், இன்னும் ஆழம், பக்கத்துக் கம்பத்தோடு குறுக்குத் தாங்கு, இவை மூன்றும் வேண்டும்.

வலையைக் கம்பத்தில் பிடிக்கும் யு வடிவ ஆணியைக் கொஞ்சம் சாய்த்து அடியுங்கள். இரண்டு காலும் மரத்தின் ஒரே நார் வரிசையில் இறங்கினால் மரம் பிளந்து ஆணி உருவிக்கொண்டு வரும். முழுவதும் இறக்கிக் கம்பியை நசுக்காமல், கம்பி நகர மயிரிழை இடம் விடுங்கள். மோதும்போது விசை பல கம்பங்களுக்குப் பரவுவது அந்தச் சின்ன இடைவெளியால்தான், பூச்சும் நசுங்காது.

மெல்லிய இரும்புக் கம்பங்களை நட்டால் ஒவ்வொன்றின் தலையிலும் பிளாஸ்டிக் மூடி கட்டாயம். மூடியில்லாத இரும்புக் கம்பத்தின் மேல் குதிரை எகிறி விழுந்தால் வயிற்றிலேயே குத்திவிடும்.

மூலைகளை வளைவாக வைக்கச் சொல்கிறார்களே, அவசியமா?

ஒரே குதிரை என்றால் பரவாயில்லை. கூட்டமாக விடும்போது அவசியம். அதிகாரம் பண்ணும் குதிரை இளைத்ததை மூலைக்குத் துரத்தும். 90 டிகிரி மூலையில் அதற்குத் தப்ப வழியில்லாமல் வேலி மேலேயே பாயும். மூலையில் குறுக்காக இரண்டு மூன்று பலகை அடித்து மழுக்கிவிட்டாலும் போதும்.

அடுத்தடுத்த இரண்டு அடைப்புகளில் ஒன்றையொன்று பிடிக்காத குதிரைகளோ பொலிகுதிரையோ இருந்தால், நடுவில் 3 மீட்டராவது இடம் விட்டு இரட்டை வேலி போடுங்கள். வேலி வழியாக உதைத்துக்கொள்வதில் முறிந்த கால்கள் நிறைய.

கேட் விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

வேலியின் அதே உயரம், வண்டி நுழைய 3.6 மீட்டர் முதல் 4.8 மீட்டர் வரை அகலம். மூலையில் வைக்காதீர்கள், வெளியே போக ஆசைப்படும் குதிரைகள் கேட்டருகே கூடும், அங்கே நெருக்கடி வேண்டாம். உள்பக்கமாகத் திறப்பதுதான் கையாள எளிது, முண்டி வரும் குதிரையை அதைக் கொண்டே நிறுத்தலாம். மேல்கீலைத் தலைகீழாக, ஊசி கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் குதிரை தலையால் தூக்கிக் கழற்ற முடியாது. தாழ்ப்பாளோடு ஒரு சங்கிலிக் கொக்கியும் போட்டுவையுங்கள். உதட்டால் தாழ்ப்பாள் திறக்கக் கற்ற குதிரைகள் உண்மையிலேயே இருக்கின்றன.

கேட்டில் குறுக்குத் தாங்கு கீழே இறங்கிச் சட்டத்தோடு சேரும் கூரிய கோணத்தைப் பாருங்கள். கால் அதற்குள் இறங்கினால் கோணம் இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தை வலையாலோ தகட்டாலோ மூடிவிடுங்கள்.

உயிர்வேலி வளர்த்தால் செலவு மிச்சம் இல்லையா?

காற்றுத் தடுப்புக்கும் நிழலுக்கும் நல்லது. தனியாகக் குதிரையை நிறுத்தாது. என்ன செடி என்பதில்தான் உயிரே இருக்கிறது. அரளி சில இலைகள் வயிற்றுக்குள் போனாலும் குதிரையின் இதயத்தை நிறுத்தும், காய்ந்த இலையிலும் நஞ்சு குறையாது. ஆமணக்கு விதை, உண்ணிச்செடி, யூ மரம் இவையும் வேண்டாம். வேலிக்கு வெளியே இருந்தாலும் கழுத்து எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது.

செலவைக் குறைக்க நியாயமான வழி என்ன?

நிலத்தின் வடிவத்தைப் பாருங்கள். ஒரு ஹெக்டேரை 100 மீட்டர் சதுரமாக அடைத்தால் வேலி 400 மீட்டர். அதே ஒரு ஹெக்டேரை 50-க்கு 200 என்று அடைத்தால் 500. 25-க்கு 400 என்றால் 850 மீட்டர், இரண்டு மடங்குக்கும் மேல். பரப்பு மாறவே இல்லை.

அடுத்து, எல்லா இடத்துக்கும் ஒரே வேலி தேவையில்லை. சாலைப் பக்கமும் எல்லையும் நல்ல வலையும் மேல்பலகையும், உள்பிரிவுகள் நாடா. நல்ல வலை 20 ஆண்டு நிற்கும், மலிவான வேலியை அதற்குள் மூன்று முறை மாற்றியிருப்பீர்கள். பணம் போதவில்லை என்றால் தரத்தைக் குறைக்காமல் பரப்பைக் குறைத்துத் தொடங்குங்கள், பிறகு நீட்டிக்கொள்ளலாம்.

எங்கள் குதிரை எந்த வேலியிலும் சாய்கிறது, தாண்டப் பார்க்கிறது. இன்னும் உயர்த்தலாமா?

உயர்த்துவதற்கு முன், அது ஏன் வெளியே போக நினைக்கிறது என்று பாருங்கள். உள்ளே புல் தீர்ந்திருக்கலாம். தண்ணீர் தொலைவில் இருக்கலாம். பெரும்பாலும் காரணம் தனிமை. குதிரை கூட்டமாக வாழும் விலங்கு; பக்கத்து வயலில் இன்னொரு குதிரை கனைத்தால் நடுவில் எது இருந்தாலும் போய்ச்சேரப் பார்க்கும். துணையும் தீனியும் நிழலும் கிடைத்த குதிரைக்குச் சாதாரண வேலியே போதும். பசியோடு தனியாக நிற்கும் குதிரைக்கு இரண்டு மீட்டர் வேலியும் தற்காலிகம்தான்.

புதுக் குதிரையை எப்படி உள்ளே விடுவது?

பகலில், வெளிச்சத்தில். கயிற்றைப் பிடித்து வேலியோரமாக முழுச் சுற்றும் நடத்திக்கொண்டு போங்கள், கேட், மூலை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் காட்டுங்கள். கம்பியாக இருக்கும் பகுதியில் சில வாரங்களுக்கு வெள்ளைத் துணிக் கீற்றுகள் கட்டிவையுங்கள். அதன் பிறகு முகப்பட்டையைக் கழற்றிவிட்டு விடுங்கள். மேய்ச்சலில் முகப்பட்டை வேலி ஆணியில் மாட்டிக் கழுத்து முறிந்த குதிரைகள் உண்டு. போட்டே ஆக வேண்டுமென்றால் இழுத்தால் அறுந்துவிடும் தோல் பட்டையாக இருக்கட்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை வேலியைப் பார்க்க வேண்டும்?

வாரம் ஒருமுறை முழுவதும் நடந்து பாருங்கள். பெருங்காற்றோ இடிமழையோ அடித்தால் குதிரைகளை விடுவதற்கு முன்பே. வண்டியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. ஒரு சுத்தியல், சில ஆணிகள், கம்பி வெட்டும் குறடு கையில் இருக்கட்டும். ஒவ்வொரு கம்பத்தையும் அசைத்துப் பாருங்கள், தலை நீட்டிய ஆணியை அப்போதே இறக்குங்கள். வேலையாட்கள் விட்டுப்போன கம்பித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். புல்லுக்குள் கிடக்கும் துண்டுக்கம்பி காலைச் சுற்றும், வைக்கோலோடு வயிற்றுக்கும் போகும்.

குதிரை வேலியில் மாட்டிக்கொண்டால் முதலில் என்ன செய்வது?

மின்சாரத்தை நிறுத்துங்கள். கூச்சல் வேண்டாம், ஓடி நெருங்கவும் வேண்டாம். குதிரைக்குப் பழகிய ஒருவர் தலைப்பக்கம் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு, அதன் தலையைப் பிடித்து அமைதிப்படுத்தட்டும். முடிந்தால் கண்ணை ஒரு துணியால் மூடுங்கள். அடுத்தவர் முதுகுப்புறமாக இருந்து கம்பியை வெட்ட வேண்டும், கால்களுக்கு நடுவில் போகவே கூடாது. இறுக்கமான கம்பி வெட்டியதும் விசையோடு சுருண்டு அடிக்கும். காலை ஒட்டியிருக்கும் கம்பியை ஒருவர் குறடால் பிடித்துக்கொள்ள, மற்றவர் வெட்டினால் நல்லது. சுற்றியிருக்கும் எல்லாக் கம்பியும் விலகும் வரை குதிரையை எழுப்ப வேண்டாம்.

இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திக் கட்டுங்கள், நனைந்தால் பிரிக்காமல் மேலேயே இன்னொன்று. காயத்தில் பொடியோ எண்ணெயோ மஞ்சளோ போடாதீர்கள். மருத்துவர் தைக்க வேண்டிய இடம் அது. சின்னத் துளைபோல் தெரியும் காயத்தை அலட்சியப்படுத்தவும் கூடாது. மூட்டுக்கோ தசைநாண் உறைக்கோ பக்கத்தில் அப்படி ஒரு துளை இருந்தால், உள்ளே கிருமி போய்ச் சில நாளில் குதிரையால் காலை ஊன்றவே முடியாமல் போகலாம். அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள், வந்ததும் டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று சொல்லுங்கள். வீட்டு விலங்குகளில் டெட்டனஸுக்கு மிக எளிதாக இலக்காவது குதிரைதான். தேதி நினைவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், அவர் அதற்கேற்ற மருந்தைக் கொடுப்பார்.